பத்துப்பேரின் விரல்கள்

முப்பது நாள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மொத்தம் அறுபது துடிப்புப் பதிவு. அறுபதும் ஒழுங்காக இருந்தால் டாக்டர் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து இருந்தால் கிடங்கில் என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் இல்லை. சிமென்ட் மூட்டையோடு மயங்கி விழுந்தவனை இனிமேல் அடுக்கின் கீழே நிறுத்த மாட்டேன் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. அன்றைக்கு என் தோளிலிருந்து சரிந்த மூட்டை பக்கத்தில் நின்றவனின் கால் விரலை உரசிக்கொண்டு விழுந்தது. அரை சாண் இந்தப் பக்கம் விழுந்திருந்தால் அவன் பாதம் போயிருக்கும்.

டாக்டர் கொடுத்த கருவி தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. மேலே இரண்டு எவர்சில்வர் தகடு. இடது கையின் இரண்டு விரல்களை ஒரு தகட்டிலும், வலது கையின் இரண்டு விரல்களை இன்னொன்றிலும் வைத்து முப்பது விநாடி ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் போனில் முப்பதிலிருந்து எண்கள் இறங்கிக்கொண்டே வரும். பச்சைக் கோடு ஒன்று துள்ளித் துள்ளி ஓடும். கடைசியில் ‘இயல்பு’ என்றோ ‘ஒழுங்கற்ற துடிப்பு’ என்றோ எழுதிக் காட்டும். அதன் கீழே இரண்டு பொத்தான்கள்: ‘அனுப்பு’, ‘அழி’. அனுப்பினால் ஆஸ்பத்திரிக்குப் போகும். அழித்தால் எங்கும் போகாது.

முதல் நாள் காலை ஆறு நாற்பதுக்கு நானும் என் மனைவியும் சாப்பாட்டு மேசை முன்னால் பரீட்சை எழுதுகிற மாதிரி உட்கார்ந்தோம். விரல்களை வைத்தேன். எண்கள் இறங்கவே இல்லை. திரையில் வந்ததை எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தேன். எழுத்து எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது, வாய்விட்டுப் படித்தால்தான் மனதில் நிற்கும்.

“விரல்கள் படவில்லை. மீண்டும் முயல்க.”

“படலையா? இவ்ளோ பெரிய விரல் அதுக்குத் தெரியலையாமா?” என்றாள் மனைவி.

மீண்டும் முயன்றேன். பதினேழு தடவை முயன்றேன். பிறகு கருவியின் பெட்டியில் அச்சடித்திருந்த எண்ணுக்கு மனைவியின் போனிலிருந்து கூப்பிட்டோம். ஒரு பெண் எடுத்தாள். குரலைக் கேட்டால் எங்கள் மகள் வயதுதான் இருக்கும்.

“கருவில பச்சை லைட் எரியுதா சார்?”

“எரியுதும்மா.”

“போன் சார்ஜர்ல இருக்கா?”

“ஆமா.”

“கழட்டிடுங்க. போன் கவரையும் எடுத்துடுங்க. ஃபேன், ஃப்ரிட்ஜ் எதுவும் பக்கத்துல ஓடக் கூடாது சார். கரண்ட் ஓடுற எதுவா இருந்தாலும் துடிப்பைக் குழப்பிடும்.”

ஃபேனை நிறுத்தினோம். ஃப்ரிட்ஜை நிறுத்தினோம். பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடி முடியும்வரை காத்திருந்தோம். மனைவி இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, “அடுத்து என்னை ஆஃப் பண்ணச் சொல்லுவாங்களா?” என்று கேட்டாள். அது போனில் அந்தப் பெண்ணுக்குக் கேட்டுவிட்டது. சிரித்தாள்.

“மேடத்தையே ஒருவாட்டி விரல் வெக்கச் சொல்லுங்க சார்.”

மனைவி வைத்தாள். உடனே எண்கள் இறங்கின. பச்சைக் கோடு ஓடியது. இயல்பு.

“அப்ப கருவி நல்லாத்தான் சார் இருக்கு.”

“அப்ப நான்தான் நல்லா இல்லையாம்மா?”

 அந்தப் பெண் கேட்டாள்: “நீங்க என்ன வேலை சார் செய்றீங்க?”

“சிமென்ட் மூட்டை. இருபத்திரண்டு வருஷம்.”

“தோல் தடிச்சுப் போயிருக்கும் சார். ராத்திரி க்ரீம் தடவிக்கிட்டுப் படுங்க. காலையில விரலை லேசா ஈரம் பண்ணிட்டு வைங்க. அதுக்கும் வரலைன்னா நெஞ்சுல ஒட்டுற மாதிரி வேற கருவி இருக்கு, ஆஸ்பத்திரில கேளுங்க.”

ஆஸ்பத்திரியில் கேட்டேன். ஒட்டுகிற கருவிக்கு வரிசை இருக்கிறது, இரண்டு மாதம் ஆகும் என்றார் நர்ஸ். சூப்பர்வைசர் எனக்காக இடத்தைப் பிடித்து வைத்திருந்ததோ ஒரே மாதம்தான்.

தோல் தடித்துப் போன கதை எங்கள் கிடங்கில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிமென்ட் கையைத் தின்னும். முதலில் ரேகை போகும், பிறகு சூடு குளிர் தெரியாமல் போகும். எட்டு வருடம் முன்னால் கிடங்கு வாசலில் விரல் வைத்து வருகை போடுகிற மிஷினைக் கொண்டுவந்து மாட்டியபோது எங்கள் ஒன்பது பேரின் விரல்களில் ஒன்றைக்கூட அது ஏற்கவில்லை. மூட்டைப் பலகைகளைத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவன் விரலை மட்டும் ஏற்றது. அவன் கையுறை போட்டு ஸ்டீயரிங் பிடிக்கிறவன், பத்து விரலிலும் ரேகை பளிச்சென்று இருந்தது. அன்றைக்கு இருந்த சூப்பர்வைசருக்கு வேலை முடிந்தால் போதும். அவன் பத்து விரல்களையும் பத்துப் பெயர்களுக்கு எழுதிக்கொண்டார். வலது கட்டைவிரல் அவன். மற்ற ஒன்பதும் நாங்கள். நான் அவனுடைய இடது மோதிர விரல்.

அன்றிலிருந்து அவனுக்குப் பத்துப்பேர் என்று பெயர். காலையில் வாசலில் நின்று எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு ஒவ்வொரு விரலாக வைப்பான். ஒரு விரலை மிஷின் ஏற்காவிட்டால் சட்டையில் துடைத்துவிட்டுத் திரும்ப வைப்பான், ஏற்கிறவரை வைப்பான். ஏற்காமல் விட்டால் அந்த ஆள் அன்றைக்கு வரவில்லை என்று ஆகிவிடும். எங்களில் யாருக்காவது உடம்புக்கு முடியாவிட்டால் அந்த விரலை மடக்கிக்கொண்டு, “இவனுக்கு இன்னைக்கு லீவு” என்பான்.

எங்கள் வரிசை வீடுகளின் கடைசி அறையில் தனியாக இருந்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னை மச்சான் என்பான், என் மனைவியைத் தங்கச்சி என்பான். அவளும் வாய் நிறைய அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

கருவி என்னை ஏற்காத அந்த முதல் நாள் மாலை, வேலை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தான். கருவியைப் புரட்டிப் பார்த்தான்.

“இது வேறயா? வாசல் மிஷினுக்குத் தம்பி பொறந்திருக்கான் போல.”

“கை வெச்சா தெரியல மச்சான்.”

“தெரியாது. உனக்கு ஏது விரல்? உன் விரல் என்கிட்டல்ல இருக்கு.”

சொல்லிவிட்டுத் தானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான், கையுறையைக் கழற்றினான், விரல்களை வைத்தான். முப்பது விநாடி மூச்சுக்கூட விடாமல் இருந்தான். இயல்பு. மனைவி என்னைப் பார்த்தாள். நான் ‘அனுப்பு’ என்பதைத் தொட்டேன்.

தப்பு என்று எங்கள் மூவருக்கும் தோன்றவில்லை. இதைப் படிக்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் எட்டு வருடம் அவன் விரல் வைத்தால் நான் வேலைக்கு வந்தவன், அவன் விரல் மடக்கினால் நான் வராதவன். அப்படி இருந்த எனக்கு, அவன் விரலில் ஓடுகிற ரத்தம் வேறு, அதைத் தள்ளுகிற நெஞ்சு வேறு என்று நினைக்க வரவில்லை. மனைவி வைக்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. “பொம்பளை துடிப்புன்னு டாக்டருக்குத் தெரிஞ்சுடும்” என்று அவளே பின்வாங்கிக்கொண்டாள்.

பதினாறு நாள் ஒரு தடங்கலும் இல்லை. காலை ஆறு நாற்பது, வேலைக்குப் போகும் வழியில் வருவான். மாலை ஐந்து நாற்பது, திரும்பும் வழியில் வருவான். எங்கள் வீட்டில் ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டுப் போவான். அவனுடைய பச்சைக் கோட்டை நான் மனப்பாடமே செய்துவிட்டேன். நாலு துள்ளல் ஒரே சீராகப் போகும். ஐந்தாவது மட்டும் கொஞ்சம் தாழ்ந்து எழும். கிடங்கு வாசலில் இருக்கும் இரும்புப் பட்டையின் மேல் ஃபோர்க்லிஃப்ட் ஏறி இறங்கும்போது ஒரு குலுக்கல் வருமே, அந்த மாதிரி.

பதினேழாம் நாள் காலையில் கோடு தாறுமாறாக ஓடியது. இரண்டு துள்ளல், ஒரு பள்ளம், மூன்று துள்ளல் அவசர அவசரமாக, பிறகு ஒரு நீண்ட சமவெளி. சிவப்பு எழுத்தில் வந்தது. படித்தேன்.

“ஒழுங்கற்ற துடிப்பு இருக்கலாம். மருத்துவரிடம் காட்டவும்.”

பத்துப்பேர் கோட்டைக் குனிந்து பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“உன் சீக்கு ரொம்பக் கெட்டி மச்சான். என் விரல் வழியாக்கூட வந்துருச்சு பாரு.”

“வாயை மூடு. திரும்ப வை.”

அவன் விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டு திரும்ப வைத்தான். மறுபடி சிவப்பு. நான் இரண்டையும் அழித்தேன். மூன்றாவதில் இயல்பு வந்தது. அதை அனுப்பினேன். அவன் நெற்றியில் வியர்த்திருந்தது. வேகமாக நடந்து வந்ததால் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தாள் மனைவி. பதினெட்டாம் நாள் ஐந்து தடவை வைத்தோம். பத்தொன்பதாம் நாள் எட்டு தடவை. சிவப்பு வர வர நான் அழித்தேன், அவன் துடைத்துத் துடைத்து வைத்தான். ஏற்கிறவரை வைப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த வழி. அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்து நான் பயந்தது உண்மை. என் வேலைக்குத்தான் பயந்தேன்.

இருபதாம் நாள் காலை பதினோரு மணிக்கு அவன் ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்தபடியே இறந்துபோனான். நாற்பது மூட்டை அடுக்கிய பலகையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தியிருந்தானாம். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கை ஸ்டீயரிங்கில் இருந்தது. லாரி பின்னால் வருவதற்காகக் காத்திருக்கிறான் என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். லாரி வந்து, ஹாரன் அடித்து, டிரைவர் இறங்கி வந்து திட்டிய பிறகுதான் தெரிந்ததாம்.

ஊரிலிருந்து அவன் அக்கா வந்தாள். அன்று இரவே எல்லாம் முடித்துவிட்டு வீடு திரும்பினோம். குளித்து வந்து உட்கார்ந்தேன். மனைவி சாப்பாட்டு மேசையில் கிடந்த கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள்.

“அந்தச் சிவப்பு வந்துச்சே, அது யாரோட துடிப்புங்க?”

 அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை. மூன்று நாளாக அந்தத் தீப்பெட்டி அவனிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தது. என் பெயரில் சொன்னதால் அவனுக்கும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கவில்லை. அதைப் பிடித்துப் பிடித்து அழித்தது என் விரல். தகட்டுக்குத் தெரியாத அதே விரல்.

கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்து போனைத் திறந்தேன். பதிவுகளின் பட்டியலில் கடைசி வரி பத்தொன்பதாம் நாளாக இருக்க வேண்டும். இருபதாம் நாள் காலையில் மிஷின் ஏற்கவே இல்லை, நேரமாகிறது என்று எழுந்து போய்விட்டான். ஆனால் கடைசி வரி வேறாக இருந்தது. இருபதாம் நாள், மாலை ஐந்து நாற்பது, இயல்பு.

அந்த நேரத்தில் நாங்கள் இருவரும் அவன் அறை வாசலில், அவன் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தோம். போனும் கருவியும் பூட்டிய வீட்டுக்குள் இருந்தன.

அதைத் தொட்டேன். கோடு விரிந்தது. நாலு துள்ளல் சீராக. ஐந்தாவது தாழ்ந்து எழுந்தது.

மனைவி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். பிறகு போய் ஜன்னல்களைச் சாத்திவிட்டு வந்தாள். ஏன் சாத்தினாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

மறுநாள் காலையில் நாங்கள் இருவரும் மேசையைவிட்டுத் தள்ளிச் சுவரோரம் நின்றோம். கருவி நடு மேசையில் இருந்தது. சரியாக ஆறு நாற்பதுக்குப் போன் திரையில் முப்பது என்று விழுந்தது. இருபத்தொன்பது. இருபத்தெட்டு. பச்சைக் கோடு ஓட ஆரம்பித்தது. வெளியே நல்ல வெயில். பால் வண்டிக்காரர் மணியடித்துக்கொண்டு போனார். யாரும் உட்காராத நாற்காலிக்கு முன்னால் யாரும் தொடாத தகடுகளில் ஒரு நெஞ்சு முப்பது விநாடி அடித்து முடிந்தது. இயல்பு.

அதே உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். அதே பெண்.

“கை வெக்காமலே பதிவு வருதும்மா.”

“பழைய பதிவு லேட்டா வந்திருக்கும் சார்.”

“தேதியும் நேரமும் புதுசா இருக்கே.”

“அந்த நேரத்துல யாரோ வெச்சிருக்காங்க சார். ரெண்டு பக்கமும் விரல் படாம கோடு ஓடவே ஓடாது.” பிறகு அவளுக்குப் பழகிய வரிசையில் சொன்னாள்: “ஆப்பை எடுத்துட்டுத் திரும்பப் போடுங்க. அப்புறம் கருவியோட பின்மூடியைத் திறந்து பேட்டரியைக் கழட்டுங்க. ஒரு நாள் கழட்டியே வைங்க.”

செயலியை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினேன். பொத்தான் அளவு பேட்டரியைக் கழற்றி மருந்துப் பெட்டியில் போட்டேன். கருவியை ஒரு டப்பாவில் வைத்து மூடினோம். மாலை ஐந்து நாற்பதுக்கு முப்பதிலிருந்து எண்கள் இறங்கின.

மறுபடி போன் போட்டேன்.  அந்தப் பெண் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது.

“சார், உங்க கருவி காலையிலிருந்து ஆஃப்லதான் இருக்கு. எனக்கு இங்க தெரியுது. ஆனா துடிப்பு வந்திருக்கு. அதுவும் தெரியுது.” அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: “உங்க வீட்ல யாரு சார் இருக்காங்க?”

நான் போனை வைத்துவிட்டேன்.

மனைவிதான் முதலில் தைரியமானாள். அல்லது களைத்துப் போனாள்.

“அண்ணன்தான்ங்க. உங்களுக்கு அறுபது முடியணுமே, அதான் வந்து வெச்சுட்டுப் போறாரு. அவரு என்ன கெடுதலா பண்றாரு? அனுப்பிடுங்க.”

“செத்தவன் துடிப்பைக் காட்டி நான் வேலைக்குப் போறதா?”

“உயிரோட இருந்தப்ப காட்டினீங்களே.”

அனுப்பினேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நான்கு நாள் அனுப்பினேன். காலையில் எழுந்து முகம் கழுவி மேசை முன்னால் வந்து நிற்பேன். அவன் வைப்பான். நான் அனுப்புவேன். நாலாம் நாள் மனைவி பழக்கதோஷத்தில் நாற்காலிக்கு முன்னால் ஒரு டம்ளர் டீ வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் கவனித்தாள். எடுக்கவும் பயம். ஆறி ஏடு கட்டும்வரை அது அங்கேயே இருந்தது.

இடையில் கிடங்கிலிருந்து ஒருவன் பார்க்க வந்தான். பத்துப்பேர் இறந்த மறுநாளே வாசல் மிஷினுக்கு முன்னால் எட்டு பேரும் திகைத்து நின்றார்களாம். புது சூப்பர்வைசருக்கு அப்போதுதான் பத்து விரல் விஷயமே தெரிந்ததாம். தலையில் அடித்துக்கொண்டு எல்லோருக்கும் அட்டை கொடுத்துவிட்டாராம். “அவன் போனான், கூடவே நாங்களும் ஒருநாள் செத்துப் பொழச்சோம்” என்று சிரித்தான் வந்தவன். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

இருபத்தாறாம் நாளிலிருந்துதான் எனக்கு வேறு விதமாகப் பயம் பிடித்தது. அன்று காலை எண்கள் முப்பதிலிருந்து பத்தொன்பதுவரை இறங்கி அறுந்தன. திரையில் வந்தது: மீண்டும் முயல்க. சற்று நின்று மறுபடி முப்பது. பன்னிரண்டில் சிவப்பு. நான் தொடாமலே அந்தப் பதிவு பட்டியலிலிருந்து அழிந்தது. மறுபடி முப்பது. ஒன்பது தடவை கழித்துத்தான் இயல்பு வந்தது.

இருபத்தேழாம் நாள் காலையில் பதினைந்து தடவை. மாலையில் இருபத்துமூன்று தடவை. நடுவில் விழும் இடைவெளி எனக்குத் தெரிந்த இடைவெளி. விரலைத் தகட்டிலிருந்து எடுத்து, சட்டையில் துடைத்து, திரும்ப வைக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு. இருபத்தெட்டாம் நாள் மாலை ஐந்து நாற்பதுக்கு ஆரம்பித்தது ஆறரை ஆகியும் முடியவில்லை. கோடு ஓடும், குலுங்கும், அறும். மீண்டும் முயல்க. கோடு ஓடும், அறும். மீண்டும் முயல்க. மனைவி காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள், சத்தம் எதுவும் வராதபோதும். கடைசியில் ஒரு இயல்பு வந்தது. முப்பது விநாடியில் பதினான்கே பதினான்கு துள்ளல். நான் அதையும் அனுப்பினேன்.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அவனை யாரும் போகச் சொல்லவில்லை. மிஷின் ஏற்கிறவரை அவன் வைப்பான். ஏற்காவிட்டால் நான் வராதவனாகிவிடுவேன் என்று அவனுக்கு ஒரு கணக்கு. அறுபதோடு நிறுத்துவானா என்பதும் எனக்குத் தெரியாது.

இருபத்தொன்பதாம் நாள் காலை ஆறரைக்கு டப்பாவைத் திறந்தேன். பேட்டரியைப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. மனைவி ஓடி வந்தாள்.

“என்ன பண்றீங்க?”

“நான் வெக்கப் போறேன்.”

“உங்க விரல்தான் அதுக்குத் தெரியாதே.”

கையை விரித்துக் காட்டினேன். ஒரு மாதமாக மூட்டை தொடாத கை. விரல் நுனிகளில் பழைய தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து, அடியிலிருந்து இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் எட்டிப் பார்த்தது. கிடங்கில் இதைப் பார்த்தால் வேலைக்கு ஆகாத கை என்பார்கள்.

“சிவப்பு வந்தா?”

“வரட்டும்.”

“வேலை?”

நான் மேசை முன்னால் உட்கார்ந்தேன். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஃப்ரிட்ஜையும் ஃபேனையும் அவளே நிறுத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

ஆறு நாற்பதுக்கு முப்பது விழுந்தது. நான் இன்னும் வைக்கவில்லை. இருபத்தெட்டில் அறுந்தது. மீண்டும் முயல்க. மறுபடி முப்பது. இருபத்தேழில் அறுந்தது. சின்னப் பிள்ளை மாடிப்படி ஏற முயல்கிற மாதிரி இருந்தது. 

“மச்சான்,” என்றேன். “போதும்டா. விரலை எடு. இன்னையிலிருந்து எனக்கு லீவு.”

கோடு நின்றது. நான் விரல்களை வைத்தேன். தகடுகள் இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தன, அப்போதுதான் யாரோ கையை எடுத்த மாதிரி. சூடு குளிர் தெரியாமல் போன விரலுக்கு வருடக்கணக்குக்குப் பிறகு தெரிந்த முதல் சூடு அது. கையை எடுக்கத்தான் தோன்றியது. எடுக்கவில்லை. மனைவி என் முழங்கை ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

முப்பது. இருபத்தொன்பது. பச்சைக் கோடு ஓடியது. நான் பார்த்தே இராத கோடு. மூன்று துள்ளல், ஒரு வெற்றிடம், குட்டித் துள்ளல் இரண்டு, மறுபடி வெற்றிடம். அந்த ஒவ்வொரு வெற்றிடத்திலும் என் கண் லேசாக இருட்டுவது எனக்கே தெரிந்தது. ஒன்று. பூஜ்யம். சிவப்பு எழுத்து.

“ஒழுங்கற்ற துடிப்பு,” என்று மனைவிக்குப் படித்துக் காட்டினேன். ‘அனுப்பு’ என்பதைத் தொட்டேன்.

கால் மணி நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. உடனே கிளம்பி வாருங்கள், நடக்க வேண்டாம், வண்டியில் வாருங்கள் என்றார் நர்ஸ்.

அங்கே சட்டையைக் கழற்றிப் படுக்க வைத்தார்கள். டாக்டர் தன் மேசைத் திரையில் என் பதிவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

“இன்னைக்குக் காலையில வந்தது உங்களுது. சரி. இதுக்கு முன்னாடி வந்ததெல்லாம் யாரோடது?”

சொல்லிவிட்டேன். வாசல் மிஷின், பத்து விரல், எல்லாம். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கோபப்பட நேரமில்லாதவர் மாதிரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மிஷின் இயல்புன்னு போட்டா இயல்பு ஆயிடாதுங்க. இந்தக் கடைசிப் பதிவைப் பாருங்க, முப்பது விநாடியில பதினாலு அடி. இந்த ஆளு எப்படி எழுந்து நடமாடறாருன்னே எனக்குப் புரியல. அவரைத்தான் முதல்ல கூட்டிட்டு வந்திருக்கணும். எங்க இருக்காரு?”

“அவன் இல்லைங்க டாக்டர். இறந்துட்டான்.”

அவர் கை மவுசின் மேலேயே நின்றது. “எப்ப? நேத்து ராத்திரியா?”

“ஒன்பது நாள் ஆச்சுங்க.”

டாக்டர் திரையில் இருந்த தேதியைப் படித்தார். என்னைப் பார்த்தார், என் மனைவியைப் பார்த்தார், மறுபடி தேதியைப் படித்தார். இருபத்தெட்டாம் நாள், மாலை ஆறு முப்பத்தொன்று.  திரையை அணைத்துவிட்டு எழுந்து வந்து, நர்ஸ் செய்ய வேண்டிய வேலையைத் தானே செய்தார். என் நெஞ்சில் ஒயர்களை ஒவ்வொன்றாக ஒட்டினார். அவர் விரல்கள் சில்லிட்டிருந்தன. “ஆடாம படுங்க” என்றார்.

என்னை ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துக்கொண்டு, மூட்டை தூக்கக் கூடாது என்று அன்றே எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தை மனைவி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மாலை ஐந்து நாற்பதுக்கு நாங்கள் இருவரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து நாற்பத்தைந்து ஆயிற்று. ஆறு ஆயிற்று, திரையில் முப்பது விழவில்லை. மேலே சுவரில் இருந்த பெரிய திரையில் என் கோடு மட்டும் தட்டுத் தடுமாறி ஓடிக்கொண்டிருந்தது.